திருக்கை முள் குத்திய நாள்

யுத்தம் முடிந்து ஓராண்டு கழிந்திருந்தது. கற்பிட்டியில் ஒரு சிறிய தனியார் மருத்துவ நிலையத்தில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை எனக்கு. இயந்திரம் ஒன்று, இருட்டறை ஒன்று, படங்களைப் பிடித்துப் பார்க்க உள்ளே விளக்கெரியும் வெள்ளைப் பெட்டி ஒன்று. வெங்காயத் தோட்டத்தில் சறுக்கி விழுந்தவர்கள், படகில் கையை நசுக்கிக்கொண்டவர்கள், நெஞ்சுச் சளிக்காரர்கள் என்று நாளுக்கு ஏழெட்டுப் பேர் வருவார்கள். படம் எடுப்பதோடு என் வேலை முடிந்தது. அதைப் பார்த்து இன்னது என்று எழுதித் தரக்கூடிய டொக்டர் புத்தளம் டவுனில் இருந்தார்.

அவரிடம் படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தவர் என் கணவர். அவர் புத்தளத்துக்குப் பக்கத்தில் தில்லையடியில் ஒரு கடை வைத்திருந்தார். காலையில் கொம்பியூட்டர் வகுப்பு, பின்னேரத்தில் பழுதுபார்த்தல். தினமும் காலை பஸ்ஸில் போகிறவர் என்பதால், முதல் நாள் எடுத்த படங்களை நான் பெரிய மண்ணிறக் கவரில் போட்டு அவர் கையில் கொடுத்துவிடுவேன். இரவுச் சாப்பாட்டுக்கு வரும்போது டொக்டரின் கடிதங்களைக் கொண்டுவருவார். காலை பஸ் போன பிறகு வருகிற நோயாளி அடுத்த நாள் இரவு வரைக்கும் காத்திருக்கவேண்டியதுதான்.

ஒருநாள் அவர் கவரை பஸ்ஸிலேயே மறந்து இறங்கிவிட்டார். மூன்று நாள் கழித்து டிப்போவில் கிடைத்தபோது யாரோ அதன்மேல் மீன் பெட்டி வைத்திருந்திருக்கிறார்கள். ஐந்து நோயாளிகளைக் கூப்பிட்டு மறுபடி படம் எடுக்கவேண்டி வந்தது. அன்று வீட்டுக்கு வந்து சேர்ட்டைக் கழற்ற முன்னரே சொன்னார்.

"இனி நான் இந்தக் கவரத் தூக்க மாட்டன். படம் தானாப் போகட்டும்."

"தானா எப்பிடிப் போகும்?"

"அனுப்புறன் பாருங்க."

அந்தக் காலத்தில் எங்களுக்கு இன்டர்நெட் என்றால் கொம்பியூட்டரில் செருகுகிற டொங்கல் ஒன்றுதான். ஒரு எக்ஸ்ரே படத்தை ஸ்கேன் பண்ணி முழுதாக அனுப்பப் பார்த்தால் பாதி வழியில் லைன் அறுந்துவிடும். மறுபடி முதலில் இருந்து தொடங்கவேண்டும். என் கணவர் சில மாதம் இருந்து ஒரு புரோக்ராம் எழுதினார். அது படத்தைச் சிறு சிறு சதுரங்களாக வெட்டிவிடும். முதலில் முழுப் படமும் மங்கலாகப் போகும். புத்தளத்தில் டொக்டர் அதைப் பார்த்து, தனக்குத் தேவையான இடத்தில் மவுஸை வைத்து அழுத்தினால், அந்த இடம் மட்டும் தெளிவாகப் போய்ச் சேரும். லைன் அறுந்தால் விட்ட இடத்தில் இருந்து தொடங்கும். டொக்டர் எந்த இடத்தை அழுத்துகிறார் என்பது இங்கே என் கொம்பியூட்டரிலும் அதே மங்கலான படத்தில் ஒரு சிவப்புச் சதுரமாகத் தெரியும், அந்த இடம் இங்கேயும் தெளியும். அவ்வளவுதான் விஷயம். பெரிய கண்டுபிடிப்பு என்று நாங்கள் இருவருமே நினைக்கவில்லை. கவர் தூக்குகிற தொல்லை போயிற்று என்றுதான் நினைத்தோம்.

அந்த அழுத்துகிற வசதியை நாங்கள் முதல் தடவை பாவித்தது ஒரு மீனவரின் காலுக்கு. பின்னேரம் மூன்று மணி இருக்கும். நான்கு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கர். மீன் சீசனுக்காகக் கற்பிட்டிக் கரையில் வாடி என்கிற ஓலைக் குடில் போட்டுத் தங்கியிருந்தவர். வலையில் இருந்து மீன் கழற்றும்போது திருக்கை ஒன்று வாலை வீசி, அதன் முள் குதிக்காலில் ஏறி முறிந்திருந்தது. மனுசன் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, என் கொம்பியூட்டர் இருந்த மேசையின் ஓரத்தைப் பிடித்தபடி கட்டிலில் கிடந்தார்.

படம் எடுத்து ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். சிவப்புச் சதுரம் குதிக்காலுக்கு வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் டொக்டர் போன் எடுத்தார்.

"முள்ளு ரெண்டாப் போயிருக்கு. ஒரு துண்டு நரம்புப் பக்கம் நிக்குது. ஒருத்தரும் இழுக்கப்போகாதீங்க. அப்படியே இஞ்ச ஏத்திவிடுங்க."

ஏற்றிவிட்டோம். புத்தளம் ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்து இரண்டு துண்டையும் எடுத்தார்கள். இழுத்திருந்தால் அவர் நொண்டியாகியிருப்பார் என்று டொக்டர் பிறகு சொன்னார். என் கணவர் புரோக்ராமை சீடியில் பதிந்து, கேட்ட மூன்று மருத்துவ நிலையங்களுக்குச் சும்மா கொடுத்தார். அதோடு அந்தக் கதை முடிந்தது என்று இருந்தோம்.

சில வருஷம் கழித்து, கொழும்பில் இருந்து ஒரு கம்பெனியின் ஆள் எங்கள் நிலையத்துக்கு வந்தார். கழுத்துப்பட்டி கட்டிய மரியாதையான மனிதர். தங்களிடம் படம் அனுப்புகிற புதிய முறை ஒன்று இருப்பதாகச் சொல்லி மடிக்கணினியில் காட்டினார். மங்கலாக ஒரு படம் வந்தது. அவர் ஓரிடத்தில் அழுத்தினார். அந்த இடம் மட்டும் தெளிந்தது.

"இது எங்களிட்ட இருக்கே" என்றேன்.

அவருடைய முகம் மாறியது. இந்த முறைக்குத் தாங்கள் ஆக்கவுரிமை கேட்டு விண்ணப்பித்திருப்பதாகவும், அது கிடைத்த பிறகு வேறு யாரும் அனுமதி இல்லாமல் இதைப் பாவிக்க முடியாது என்றும் சொன்னார். பேட்டன்ட், பேட்டன்ட் என்று மூன்று தடவை சொன்னார். நான் அந்தச் சொல்லை மாத்திரைப் பெட்டிகளில்தான் பார்த்திருந்தேன்.

என் கணவர் ஆக்கவுரிமை அலுவலகத்துக்கு ஒரு ஆட்சேபனைக் கடிதம் எழுதினார். டொக்டர் அதை ஆங்கிலத்தில் திருத்திக் கொடுத்தார். இந்த முறை ஏற்கெனவே கற்பிட்டியில் பாவனையில் இருக்கிறது, ஆகவே இது புதியது அல்ல என்பதுதான் கடிதத்தின் சாரம். எங்களுக்கு ஆச்சரியமாக, அலுவலகம் அதை ஏற்று, கம்பெனியின் விண்ணப்பத்தை நிராகரித்தது. சந்தோஷத்தில் பக்கத்து வீடுகளுக்கு இனிப்பான வட்டிலப்பம் செய்து கொடுத்தேன்.

வட்டிலப்பம் கொடுத்து இரண்டு மாதம் ஆகவில்லை, தடித்த ஒரு பொதி பதிவுத் தபாலில் வந்தது. கம்பெனி நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்திருந்தது. டொக்டர்தான் அதை எங்களுக்கு வாசித்து விளக்கினார். வாசித்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தி, என் கணவரை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நீங்க இவங்கட பயிற்சி ஒண்டுக்குப் போனீங்களா?"

போயிருந்தார். கொழும்பில் இரண்டு நாள் பயிற்சி, கொம்பியூட்டர் திருத்துகிறவர்களுக்காக அந்தக் கம்பெனி நடத்தியது. முள் குத்திய அந்த வருஷம் ரமழான் நோன்பு தொடங்குவதற்கு முந்திய கிழமை. அவர்கள் கொடுத்த சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருந்தார். கம்பெனி சொன்னது இதுதான்: அந்தப் பயிற்சியில் தங்கள் முறையைக் காட்டினோம், அதைப் பார்த்துவிட்டுப் போய் இவர் திருடிச் செய்தார், திருடியதை வைத்துக்கொண்டு எங்கள் உரிமையை மறுக்கிறார்.

அடுத்த நாள் கடைக்குப் போன என் கணவர் சான்றிதழைக் கழற்றி மேசைக்கு அடியில் வைத்துவிட்டார் என்று பிறகு அறிந்தேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

டொக்டருக்குத் தெரிந்த ஒரு பெண் சட்டத்தரணி எங்களுக்காக வழக்கை எடுத்துக்கொண்டார். கொழும்பில் வளர்ந்த தமிழ்ப் பெண். விஷயத்தைக் கேட்டுவிட்டு நேரே சொன்னார்.

"எல்லாம் ஒரு கேள்வியிலதான் நிக்குது. அந்த மீனவர்ட கால் படத்த நீங்க அனுப்பினது பயிற்சிக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி" என்றார் என் கணவர்.

"முந்தி" என்றேன் நானும். நோன்புக்கு முந்திய மாதம் என்று சத்தியக்கடதாசி எழுதி, அல்லாஹ்வின் பெயரால் உண்மை என்று கையெழுத்தும் வைத்தேன்.

பிரச்சினை என்னவென்றால் அதைக் காட்ட எங்களிடம் ஒன்றுமே இல்லை. நிலையத்தின் பழைய பதிவுப் புத்தகங்களைக் கறையான் தின்றிருந்தது. படம் கொம்பியூட்டரில் இருந்தது. ஆனால் அந்தப் பழைய கொம்பியூட்டருக்குள் இருந்த சின்னப் பற்றரி செத்துப்போனதால், தினமும் காலையில் திறக்கும்போது அது ஏதோ பழைய வருஷத்தின் ஜனவரி முதலாம் திகதி என்றே காட்டும். படத்திலும் அந்தத் திகதிதான் விழுந்திருந்தது. டொக்டர் நேர்மையான மனிதர். இந்தக் கால் படத்தை என் கொம்பியூட்டரில் பார்த்தது நல்ல நினைவு, எந்த மாதம் என்று நினைவில்லை என்றுதான் எழுதிக் கொடுத்தார்.

விசாரணைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை ஒன்றில் அலுமாரியின் அடித்தட்டைத் துப்புரவாக்கினேன். பழைய செருப்புச் சோடி ஒன்று கிடைத்தது. வெள்ளை நிறம், மேலே சின்ன மணிகள். வலது செருப்பின் பட்டியில் மண்ணிறக் கறை. அதைக் கண்டதும் எனக்கு அந்தப் பின்னேரம் முழுதாக வந்துவிட்டது. கட்டிலில் கிடந்தவரின் குதிக்காலில் இருந்து இரத்தம் சொட்டி என் செருப்பில் விழுந்தது. பெருநாள் செருப்பு பாழாய்ப் போச்சே என்று நான் மனதுக்குள் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

பெருநாள் செருப்பு. அப்படியென்றால் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு. அப்படியென்றால் பயிற்சிக்கும் பிறகு.

செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் பொய்ச் சத்தியம் செய்துவிட்டேன் என்பது முதலில் வந்த பயம். கொஞ்ச நேரத்தில் அதைவிடப் பெரியது வந்தது. நோன்புக்கு முந்தி என்று எனக்கு யார் சொன்னது? என் கணவர்தான் சொன்னார். நான் அதைத் திருப்பிச் சொன்னேன். அவர் உண்மையாகவே அங்கே பார்த்துவிட்டு வந்துதான் செய்தாரோ?

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்குப் பிடிக்காத நாட்கள். சாப்பாடு போடும்போது அவருடைய முகத்தைப் பார்ப்பேன். பதினாறு வருஷம் பழகிய முகம். கடையில் யாராவது ஒரு ரூபாய் கூடக் கொடுத்தால் பஸ் தரிப்பு வரைக்கும் ஓடிப்போய்த் திருப்பிக் கொடுக்கிறவர். இந்த மனுசனா என்று ஒரு மனம் சொல்லும். மனுசன் தானே என்று மறு மனம் சொல்லும். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறப்பேன். "உப்புப் போதுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவேன்.

முடியாத கட்டத்தில் நிலையத்தில் இருந்து சட்டத்தரணிக்குப் போன் எடுத்தேன்.

"நான் கையெழுத்து வெச்சது பிழையா இருந்தா என்ன செய்யிற, மிஸ்?"

"பிழை எண்டு தெரியுமா, இல்லாட்டி நிச்சயம் இல்லையா? ரெண்டும் வேற வேற."

"நிச்சயம் இல்ல."

"அப்ப கோட்ஸ்ல நிச்சயம் இல்லை எண்டே சொல்லுங்க. இல்லாதத சொல்ல நான் உங்கள விடமாட்டன். ஆனா அதுக்கு முதல் அந்த மனுசனத் தேடிப் பாத்தீங்களா? காலில முள்ளு ஏறின நாள் அவருக்குத் தெரியாம இருக்குமா?"

எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. அந்த மீனவரை வேலைக்கு வைத்திருந்த படகுச் சொந்தக்காரர் கற்பிட்டியிலேயே இருந்தார். அவரிடம் கேட்டபோது, சிலாபத்துக்கு வடக்கே ஒரு கடலோரக் கிராமம் என்றும், கோயிலுக்குப் பின்னால் நீல நிறக் கதவு என்றும் சொன்னார். நான் கணவரிடம் எக்ஸ்ரே கழுவுகிற மருந்து வாங்கச் சிலாபத்துக்குப் போவதாகச் சொன்னேன். அவரை அழைத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் வரப்போகும் பதில் எதுவானாலும் முதலில் நான் தனியாகக் கேட்கவேண்டும் என்றிருந்தது.

பாலாவியில் ஒரு பஸ் மாறி, மதுரங்குளியில் இன்னொன்று மாறி, கடைசியில் ஓட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. நீலக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே அவர் துருவுபலகையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தார்.

"எக்ஸ்ரே மிஸ் தானே!" என்றார். பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "இஞ்ச ஓடியா, என்ட காலக் காப்பாத்தின மிஸ் வந்திருக்கா!"

அவருடைய மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கதிரையைத் துடைத்துப் போட்டார். உட்காரும்போதுதான் யன்னலைப் பார்த்தேன். உடைந்த ஒரு கண்ணாடிக்குப் பதிலாக அதில் ஒரு எக்ஸ்ரே படம் ஆணி அடித்து வைக்கப்பட்டிருந்தது. வெயில் பின்னால் இருந்து விழ, குதிக்கால் எலும்பும் இரண்டாய் முறிந்த முள்ளும் பெட்டியில் வைத்துப் பார்ப்பதைப்போலத் தெரிந்தன. எழும்பி ஓடிப்போய்ப் பார்த்தேன். மூலையில் நான் பேனையால் எழுதியிருந்த பெயரும் திகதியும் வெயிலிலும் உப்புக் காற்றிலும் போய்விட்டிருந்தன.

"ஆஸ்பத்திரியில திகதி எழுதித் தந்த காட் இருக்கா அண்ணன்?"

"அது வாடியோட கடல் கொண்டு போயிற்று மிஸ். ஏன், என்ன பிரச்சினை?"

சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை. என் கணவரைக் கள்ளன் என்கிறார்கள், முள் குத்திய நாள் தெரியவேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "சோளகக் காத்து விழுந்து கொஞ்ச நாள்..." என்று தொடங்கி, "அது எந்த வருஷம்?" என்று மனைவியைப் பார்த்தார்.

அந்தப் பெண் யோசிக்கவே இல்லை.

"மூத்தவளுக்குக் கோயிலில முதல் நன்மை அப்பம் குடுக்க ஐஞ்சு நாளைக்கு முந்தி. அண்டைக்கு நான் சட்டை தைச்சுக்கொண்டிருக்கக்குள்ளதான் போன் வந்தது. ஊசி என்ட விரலில ஏறினது. அப்பா வராம நன்மை எடுக்க மாட்டன் எண்டு அவள் அழுது, இவர் ஆஸ்பத்திரியில வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டச் சொல்லிச் சண்ட பிடிச்சு வந்தவர்."

"எந்த மாசம்?" என்று கேட்டேன்.

"படம் இருக்கே" என்று உள்ளே போனார். சாமிப் படங்களுக்குக் கீழே மாட்டியிருந்த சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டையும் தலையில் பூவளையமுமாக ஒரு சிறுமி. பக்கத்தில் தாய். நடுவில் கதிரையில் தகப்பன், சேர்ட்டுப் பொத்தானை எல்லாம் கழுத்துவரை பூட்டி, வலது காலில் தலையணை அளவு கட்டோடு. சட்டத்தின் பின் அட்டையை நகத்தால் கிளப்பினார். படத்தின் முதுகில் ஸ்டூடியோவின் ஊதா முத்திரை, நடுவில் நன்மை எடுத்த அன்றைய திகதி.

கைபேசியில் அந்த வருஷத்துக் கலண்டரைத் தேடி எடுத்தேன். அவசரத்தில் இரண்டு தரம் பிழையான வருஷம் வந்தது. நோன்பு தொடங்கிய நாளைக் கண்டுபிடித்தேன். பயிற்சி நடந்த நாளைக் கண்டுபிடித்தேன். முதல் நன்மையில் இருந்து ஐந்து நாளைக் கழித்தேன். பயிற்சிக்குப் பதினேழு நாள் முந்தி.

இன்னும் இரண்டு தரம் எண்ணினேன். பதினேழு.

"மிஸ்ஸுக்குத் தலை சுத்துது போல" என்று அந்தப் பெண் சொல்வது கேட்டது. பால் விடாத பிளேன்டி கொண்டுவந்தார். கடித்துக்கொண்டு குடிக்கச் சீனியைக் கையில் தந்தார். நான் அழவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அவர் தன் சீலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது அன்று கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்திருந்த கணவர் பின்னேர அஸர் தொழுதுவிட்டு வாசலில் நின்றார். "மருந்து எங்க?" என்று கேட்டார். மருந்து வாங்கவே இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பை, சட்டத்தரணியை, யன்னலில் இருந்த கால் படத்தை, ஊதா முத்திரையை. கடைசியில், இனி மறைத்து என்ன என்று, அதையும் சொன்னேன்.

"நான் உங்களச் சந்தேகப்பட்டுட்டன். நீங்க அங்க பாத்துட்டுத்தான் செஞ்சீங்களோ எண்டு நெனச்சுட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்க."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மெல்ல வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"பதினேழு நாளா?"

"ஓம்."

"நல்லா எண்ணினீங்களா?"

"மூணு தரம்."

இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கும் வந்தது அந்தச் சந்தேகம்" என்றார். "அந்தக் கடதாசிய வாசிச்ச நாளில இருந்து. அங்க ஒருத்தர் போர்டில ஏதோ சதுரம் சதுரமாக் கீறினது நினைவிருக்கு. அத நான் முந்தியே செஞ்சிருந்தனா, பாத்துட்டு வந்து செஞ்சனா? யோசிச்சு யோசிச்சு எது முந்தி எண்டே தெரியாமப் போச்சு. நானே கள்ளனோ எண்டு பயந்துட்டன். உங்களிட்ட சொல்ல ஏலாமப் போச்சு."

ஒரே வீட்டில் ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

செருப்பின் கதை அடுத்த நாளே தெளிந்தது. என் மூத்த சகோதரி ராத்தாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "அது ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நான் வாங்கித் தந்த செருப்பு" என்றாள். அதாவது முந்திய வருஷக் கடைசியில் வந்த பெருநாள். எனக்குப் பெருநாள் என்றதும் நோன்புப் பெருநாள்தான் நினைவுக்கு வந்திருக்கிறது.

விசாரணைக்கு அந்த மீனவர் வந்தார். பங்குத் தந்தை நன்மைப் பதிவேட்டைப் பார்த்துக் கொடுத்த கடிதமும் வந்தது. யன்னலில் இருந்த எக்ஸ்ரே படத்தை மீனவர் ஆணி கழற்றிப் பழைய கலண்டர் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கால் மறைகிற நீளக் காற்சட்டையும் புதுச் சப்பாத்தும் போட்டிருந்தார்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்றார். கம்பெனியின் சட்டத்தரணி மெதுவான குரலில் கதைக்கிறவர். கையெழுத்து வைத்தபோது நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார்.

"அப்ப தெரியும் எண்டு நினைச்சன். பிறகு இல்லாமப் போச்சு. இப்ப தெரியும்" என்றேன். ஏன் என்று கேட்டார். செருப்பில் இருந்து தொடங்கிச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டு பெருநாளையும் விளக்கத்தான் கொஞ்ச நேரம் எடுத்தது. நீதிபதி குறுக்கே ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டே இருந்தார். சொல்லி முடித்ததும் என் தோளில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது. இனி எந்தத் தீர்ப்பு வந்தாலும் நான் பொய் சொன்னவள் இல்லை.

அடுத்து மீனவர். அன்று கொம்பியூட்டரில் என்ன கண்டார் என்று எங்கள் சட்டத்தரணி கேட்டார்.

"முதல்ல ஒண்டும் விளங்கேல்ல. பனி மூடின மாதிரி. பிறகு ஒரு சிவப்புக் கட்டம் வந்து குதிக்காலில நிண்டது. அந்த இடம் மட்டும் பளிச்செண்டு தெரிஞ்சது. என்ட முள்ள நானே கண்டன்."

கம்பெனியின் சட்டத்தரணி எழும்பினார். அவ்வளவு வலியில் இருந்தவர் கொம்பியூட்டரைக் கவனித்துக்கொண்டா இருந்தார் என்று கேட்டார்.

"ஐயா, வலிக்கக்குள்ள கண்ண எங்கயாவது வெச்சிருக்கத்தானே வேணும்? முன்னுக்கு அது இருந்தது. அதில வெச்சிருந்தன்."

சொல்லிவிட்டு, நம்பாவிட்டால் தழும்பைப் பாருங்கள் என்று குனிந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். நீதிபதி கையை உயர்த்தித் தேவையில்லை என்று சிங்களத்தில் சொன்னார். சிங்களமும் பேசுகிற சிலாபத்துக்காரருக்கு அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. "ஹொந்தாய் சேர்", நல்லது ஐயா, என்று கயிற்றை மறுபடி கட்டினார்.

தீர்ப்பு வரச் சில கிழமை எடுத்தது. அந்தக் கிழமைகளில் நாங்கள் இருவரும் முன்னரைவிட நன்றாகத்தான் நித்திரை கொண்டோம். உண்மை எது என்று எங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியவந்தால் நல்லது என்ற அளவில் இருந்தோம். ஆனாலும் போன் அடிக்கும்போதெல்லாம் அவர் கையில் இருக்கிற வேலையை விட்டுவிடுவார்.

ஒரு புதன்கிழமை முற்பகல் எங்கள் சட்டத்தரணி போன் எடுத்தார். மேன்முறையீடு தள்ளுபடி. படம் அனுப்பிய முறை பயிற்சிக்கு முந்தியே கற்பிட்டியில் பாவனையில் இருந்தது, இவர் யாரிடமும் இருந்து எடுத்ததாகச் சொல்ல இடமில்லை என்று தீர்ப்பில் இருப்பதாகச் சொன்னார். நான் வேலையை அரைநாளோடு விட்டு பஸ் ஏறித் தில்லையடிக்குப் போனேன். போனில் சொல்ல மனம் வரவில்லை. கடையில் நான்கைந்து பேர் நின்றார்கள். ஒருவருடைய பிரின்டரைத் திறந்துவைத்து, விரலெல்லாம் மையோடு நின்றவர் என்னைக் கண்டதும் விளங்கிக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக் கதிரையைத் தேடி உட்கார்ந்தார்.

வாடிக்கையாளர்கள் போன பிறகு, புரோக்ராமைக் கொடுத்திருந்த மூன்று நிலையங்களுக்கும் அவரே போன் எடுத்தார். இனிப் பயமில்லை, தாராளமாகப் பாவியுங்கள் என்று சொல்லவேண்டும் என்று இத்தனை காலம் அவருக்கு ஒரு ஆசை. முதல் இடத்தில் சந்தோஷப்பட்டார்கள், இன்னும் பாவிக்கிறார்களா என்று சொல்லவில்லை. இரண்டாவது இடத்தில் யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது இடத்தில் ஒரு பெண் எடுத்தாள். அவர் குரலைச் செருமிக்கொண்டு, வழக்கு, மேன்முறையீடு, தீர்ப்பு என்று விளக்கமாகச் சொன்னார். அந்தப் பெண்ணின் பதில் எனக்கும் கேட்டது.

"எது சேர்? அந்தப் பழைய புரோக்ராமா? அது எப்பவோ விட்டாச்சே. நாங்க இப்ப போன்ல படம் எடுத்து டொக்டருக்கு அனுப்புறம்."

அவர் போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். மூன்று வருஷம் அலைந்த முகம். அது எப்படி மாறப்போகிறதோ என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வெடித்துச் சிரித்தார். போனை வைத்துவிட்டு, மை விரலால் கண்ணைத் துடைத்து, கன்னமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு சிரித்தார்.

"உங்கட இடத்தில?" என்று கேட்டார், சிரிப்பு அடங்கிய பிறகு. "நீங்களும் விட்டுட்டீங்களா?"

"இல்ல" என்றேன். "எங்கட டொக்டர் போனில எலும்பு பார்க்க மாட்டாராம். கண் வலிக்குதாம்."

"அப்ப ஒரு இடம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, எழும்பிப்போய் பிரின்டரை மூடினார்.